நேற்று ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "பெரிய பள்ளியில் தொலைந்துபோன பிள்ளை சின்னப் பள்ளிக்கு வந்து தலைநிமிர்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை மூட்டையாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதி நன்றி, பாதி திட்டு. திட்டியவர்களில் இரண்டு பேர் நன்றாகவே கேட்டிருக்கிறார்கள். அவற்றையும் சேர்த்து, இந்த இதழ் முழுவதும் இந்த ஒரே பேச்சுதான்.

என் மகனுக்கு 13 வயது. இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மூன்று வருடமாகப் பாதிப் பாடங்களில் தோல்வி. திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி என்கிறான், டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். 120 பேர் மட்டும் படிக்கிற ஒரு சிறிய பள்ளி இருக்கிறது, அங்கே மாற்றலாமா என்று யோசிக்கிறேன். கணவரோ, "மைதானம் இல்லை, ஆய்வகம் ஒன்றே ஒன்று, அங்கே போய் என்ன செய்வான்?" என்கிறார்.
— பெயர் வேண்டாம் என்ற ஒரு தாய்

முதலில் அந்த வயிற்றுவலி. அதை நடிப்பு என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பயந்த பிள்ளைக்கு உண்மையிலேயே வயிறு வலிக்கும். டாக்டர் ஒன்றுமில்லை என்றால் வயிற்றில் நோய் இல்லை என்றுதான் பொருள், வலி இல்லை என்று பொருளல்ல.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி, 60 வருடத்துக்கு முன்னாலேயே அதை ஆராய்ந்திருக்கிறார்கள். ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 35 மாணவர்கள் மட்டுமே இருந்த பள்ளியிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேல் மாணவர்கள் இருந்த பள்ளி வரைக்கும் பல உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்து 1964-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய பள்ளியில் வசதிகள் அதிகம், குழுக்கள் அதிகம், பாடப்பிரிவுகள் அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாடகம் போட, இசைக்குழுவில் வாசிக்க, பத்திரிகை நடத்த, ஒரு நிகழ்ச்சிக்குப் பொறுப்பேற்க யாருக்கு வாய்ப்பு கிடைத்தது என்று எண்ணிப் பார்த்தபோது, சின்னப் பள்ளி மாணவன் பெரிய பள்ளி மாணவனைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பொறுப்புகளைச் சுமந்திருந்தான். காரணம் ரொம்ப எளிது. நாடகத்துக்குப் பத்துப் பேர் வேண்டும், பள்ளியிலேயே நாற்பது பேர்தான் என்றால், நடிக்கத் தெரியாதவனையும் இழுத்துத்தான் ஆக வேண்டும்! இரண்டாயிரம் பேர் இருக்கிற இடத்தில் அதே பத்து இடங்களுக்குப் போட்டி, ஜெயிப்பது எப்போதும் அதே பத்து முகங்கள், மற்றவர்களுக்குக் கைதட்டுகிற வேலை.

அதற்குப் பிறகு வந்த ஓர் ஆய்வுதான் உங்கள் மகனுக்கு நேராகப் பொருந்துகிறது. எட்வின் வில்லம்ஸ் என்பவர், படிப்பில் பின்தங்கிய, பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடிய மாணவர்களைத் தனியாகவும் மற்ற மாணவர்களைத் தனியாகவும் எடுத்துக் கேட்டார்: "பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நீ வந்தே ஆக வேண்டும் என்று யாராவது எதிர்பார்க்கிறார்களா?" பெரிய பள்ளியில் இந்தப் பிள்ளைகளை யாரும் எதிர்பார்க்கவில்லை, வந்தாலும் ஒன்று வராவிட்டாலும் ஒன்று. சிறிய பள்ளியில் அவர்களும் மற்றவர்கள் அளவுக்கே, "நான் இல்லாவிட்டால் வேலை நடக்காது" என்றார்கள்.

எனக்கு இதைப் படித்தபோது ஒரு பையன் ஞாபகம் வந்தான். பேர் வேண்டாம். நான் கடைசியாக வேலை பார்த்த சிறிய பள்ளிக்கு, வேறொரு பள்ளியில் இரண்டு தடவை தோற்றுவிட்டு வந்தான். தலை நிமிரமாட்டான், கேட்டால் தோளைக் குலுக்குவான். நூலகத்தைத் திறந்து மூட எங்களுக்கு ஆள் இல்லை, ஊழியர் வைக்கவும் வழியில்லை. அதனால் சாவியை அவனிடம் கொடுத்தோம். அவனைத் திருத்துகிற திட்டமெல்லாம் இல்லை, ஆள் பற்றாக்குறைதான். அவன் வராத நாளில் நூலகம் திறக்காது, முப்பது பிள்ளைகள் வாசலில் நின்று அவனைத் திட்டும். இரண்டு மாதத்தில் அவன் வராத நாளே இல்லை என்றாகிவிட்டது. படிப்பு? ஒரேயடியாக முதல் மாணவனாகிவிடவில்லை. மொழிப்பாடமும் அறிவியலும் தேறின, கணக்கு கடைசிவரைக்கும் இழுபறிதான். ஆனால் தேர்வுக்கு வந்து உட்கார்ந்தான், அதற்கு முன்னால் உட்காரவே மாட்டான்.

சரி, மாற்றலாமா என்றுதானே கேட்டீர்கள். மாற்றுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள்: கண், காது, வாசிப்பு. அவன் வயதுக்குரிய ஒரு பக்கத்தை உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டித் திணறினால், வாசிப்பைத் தனியே சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் அவனுக்கு வேண்டும். எவ்வளவு அன்பான பள்ளியும் அதற்கு மாற்றாகாது. இந்த இடத்தில்தான் பல சின்னப் பள்ளிகள் கோட்டைவிடுகின்றன. எல்லாரும் பிள்ளையைக் கொஞ்சுகிறார்கள், மூன்று வருடம் கழித்தும் அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

அப்புறம் அந்தப் பள்ளிக்கு நேரில் போங்கள். தேர்ச்சி விகிதம் கேட்காதீர்கள். காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நின்று, பிள்ளைகள் உள்ளே வரும்போது பெரியவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் பையன் இரண்டு நாள் வராவிட்டால் எனக்கு யார் போன் செய்வார்?" ஒரு பெயரைச் சொன்னால் நல்ல பள்ளி. "எங்கள் அலுவலகத்திலிருந்து தகவல் வரும்" என்றால், 120 பேர் இருந்தும் அது பெரிய பள்ளிதான். முடிந்தால் ஒரு நாள் அவனை அங்கே உட்கார வைத்துவிட்டு, பிறகு அவனையே கேளுங்கள். அவனைக் கேட்காமல் மாற்றினால், தோற்றதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொள்வான்.

சிறிய பள்ளிகள்தான் தேர்ச்சிப் பட்டியலில் முதலிடம் பிடிக்கின்றன என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள், நீங்களும் அந்தப் பாட்டைத்தான் பாடுகிறீர்கள். புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது கண்கட்டு வித்தை.
— கோபமாக எழுதிய ஒரு வாசகர்

பாதி உங்கள் பக்கம். கோபப்படாமல் மீதியையும் படியுங்கள்.

புள்ளியியல் தெரியாதவர்களுக்காக: ஒரு காசைப் பத்து முறை சுண்டினால் எட்டு முறை தலை விழுவது அபூர்வமில்லை. ஆயிரம் முறை சுண்டி எண்ணூறு தலை விழுவதை உங்கள் ஆயுளில் பார்க்க மாட்டீர்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அதிர்ஷ்டம் ஆட்டிப் படைக்கும். ஒரு வகுப்பில் 12 பேர் என்றால், இரண்டு கெட்டிக்காரர்கள் சேர்ந்த வருடம் பள்ளி பட்டியலின் உச்சியில், அவர்கள் போன வருடம் அடியில். ஹோவர்ட் வைனர் என்ற புள்ளியியலாளர் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். முதலிடங்களில் சிறிய பள்ளிகள் அளவுக்கு மீறி இருந்தன, சரி. கடைசி இடங்களிலும் அதேபோல் அளவுக்கு மீறி இருந்தன. முதல் பாதியை மட்டும் பார்த்தவர்கள்தான் கொண்டாடினார்கள். கேட்ஸ் அறக்கட்டளை 2000-க்குப் பிறகு இந்த நம்பிக்கையில் சிறிய உயர்நிலைப் பள்ளிகளுக்காகச் சுமார் 200 கோடி டாலர் செலவிட்டது. கடைசியில் 2009-இல் பில் கேட்ஸே, நாங்கள் பணம் போட்ட சிறிய பள்ளிகளில் பலவற்றில் மாணவர்களின் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று எழுதினார். ஒரு பெரிய கட்டடத்தை நாலாகப் பிரித்து நாலு பலகை மாட்டினால் நாலு சமூகம் உருவாகிவிடுமா என்ன.

ஆனால் ஐயா, நியூயார்க்கைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். 2002-க்குப் பிறகு அங்கே, தேர்ச்சி படுமோசமாக இருந்த பெரிய உயர்நிலைப் பள்ளிகளை மூடி, அவற்றுக்குப் பதிலாகச் சிறிய பள்ளிகளைத் திறந்தார்கள், எல்லாப் பிரிவுகளும் சேர்த்து ஒரு வகுப்புக்குச் சுமார் நூறு பேர் அளவில். நுழைவுத் தேர்வு கிடையாது, சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பிள்ளைகள். இடத்தைவிட அதிகம் பேர் கேட்டபோது குலுக்கல் போட்டார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் குலுக்கல்தான் முக்கியம்: கேட்டுக் கிடைத்தவர்கள் ஒரு பக்கம், கேட்டும் கிடைக்காதவர்கள் ஒரு பக்கம், இரண்டு பேரும் ஒரே ரகம். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் இரண்டு பக்கத்தையும் பல வருடம் பின்தொடர்ந்தது. குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகள் நாலு வருடத்தில் பள்ளிப் படிப்பை முடித்த விகிதம் ஏறத்தாழ 9 சதவீதப் புள்ளிகள் கூடுதல். இதைக் காசு சுண்டுகிற அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது.

அப்படியானால் ஒரு இடத்தில் பலிக்காதது இன்னொரு இடத்தில் எப்படிப் பலித்தது? நியூயார்க்கின் அந்தச் சிறிய பள்ளி ஆசிரியர்களைக் கேட்டபோது அவர்கள் கட்டட அளவைப் பற்றிப் பேசவில்லை. ஒரே பிள்ளைகளைச் சில ஆசிரியர்கள் கூட்டாகப் பார்த்துக்கொண்டது, பிள்ளைக்கும் பெரியவருக்கும் இருந்த நெருக்கம், பாடத்தில் தளர்வு காட்டாதது, நல்ல ஆசிரியர்கள் கிடைத்தது, இதைத்தான் சொன்னார்கள். அளவு வாசலைத்தான் திறந்துவிடும், உள்ளே நடந்து போக வேண்டியது ஆசிரியர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய புகழ்பெற்ற சோதனை பள்ளியின் அளவைப் பற்றியது அல்ல, வகுப்பின் அளவைப் பற்றியது. 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புக் குழந்தைகள் 22 முதல் 25 பேர் இருந்த வகுப்பினரைவிட நன்றாகப் படித்தார்கள். பெரிய வகுப்பில் ஓர் உதவியாளரைக் கூடுதலாக நிறுத்திப் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

நாங்கள் அறுபது பேர் ஒரே வகுப்பில் படித்தோம். யாரும் தடவிக்கொடுக்கவில்லை. உருப்படாமலா போய்விட்டோம்? வெளி உலகம் இந்தப் பிள்ளைகளைத் தடவிக்கொடுக்குமா?
— ஒரு தாத்தா

தாத்தா, அந்த அறுபது பேரில் கடைசி வகுப்பு வரை உங்களோடு வந்தவர்கள் எத்தனை பேர்? நிதானமாக எண்ணிப் பாருங்கள். உருப்பட்டவர்கள்தான் கடிதம் எழுதுகிறார்கள், நடுவில் காணாமல் போனவர்கள் எழுதுவதில்லை.

இரண்டாவது, உங்களை யாருமே தடவிக்கொடுக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு வறுமை, பெற்றோரின் குடி, வீட்டில் சண்டை என்று எல்லாத் துன்பமும் ஒன்றாக வாய்த்திருந்தது. அப்படிப்பட்டவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தது என்ன என்று தேடியபோது திரும்பத் திரும்பக் கிடைத்த ஒன்று, அவர்கள் மேல் உண்மையான அக்கறை வைத்த ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பல நேரம் ஓர் ஆசிரியரோ. உங்களுக்கும் ஒருவர் இருந்திருப்பார், பேர் இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும்.

மூன்றாவதாக, சின்னப் பள்ளி என்றால் செல்லம் என்று யார் சொன்னது? என்னிடம் படித்த ஒரு பெண் முறைப்பாடாகவே சொன்னாள்: "டீச்சர், பழைய பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்ளலாம், இங்கே கடைசி பெஞ்சே இல்லை." அவளைத் தெரிந்த ஆறு ஆசிரியர்களும் மதியத்துக்குள் அதைப் பற்றிக் கேட்டுவிடுவோம், நடைபாதையில்கூட விடமாட்டோம். நாற்பது பேரை ஒரே மிரட்டலில் அடக்குவதைவிட இது கடுமையானது என்றுதான் நான் சொல்வேன்.

நான் பெரிய பள்ளி ஆசிரியை. ஐந்து வகுப்புகள், இருநூறுக்கும் மேல் பிள்ளைகள். உங்கள் கதையெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் பள்ளியை நான் சின்னதாக்க முடியாதே?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழைய வெட்கம் ஒன்று திரும்பி வந்தது. உங்களைப் போல இருநூறு பிள்ளைகள் வைத்திருந்த காலத்தில், ஒரு முன்னேற்ற அறிக்கையில் "கவனம் தேவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அந்தப் பெயருக்குரிய முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆறு மாதம் பாடம் எடுத்த பிள்ளை. கவனம் தேவையாம்! யாருக்கு?

இருநூறு பேரையும் உங்களால் தாங்க முடியாது, முயன்றால் ஒரு வருடத்தில் நீங்கள் படுத்துவிடுவீர்கள். அதனால் முதலில் சக ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில பள்ளிகளில் ஒரு வேலை செய்கிறார்கள்: எல்லா மாணவர் பெயர்களையும் சுவரில் ஒட்டி, எந்தப் பிள்ளையைத் தனக்கு நன்றாகத் தெரியுமோ அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு புள்ளி வைக்கிறார்கள். மாணவர்கள் பார்க்காத அறையில், சொல்லவே வேண்டாம். கலகலப்பான பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளிகூட விழாத பெயர்களும் இருக்கும், அந்த இடத்தில் அறையே அமைதியாகிவிடும். அந்தப் பெயர்களை ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கூடுதல் செலவு எதுவுமில்லை.

பிரித்துக்கொண்ட பிள்ளையோடு என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், ஆசிரியர்களிடையே புழங்குகிற ஒரு பழக்கம் இருக்கிறது: தினமும் இரண்டு நிமிடம், தொடர்ந்து பத்துப் பள்ளி நாட்கள், படிப்பைத் தவிர வேறு எதைப் பற்றியாவது பேசுவது. முதல் மூன்று நாள் "ம்", "தெரியாது" என்றுதான் பதில் வரும். விட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு பையன் ஒன்பதாம் நாள்தான் வாயைத் திறந்தான், அதுவும் என் சைக்கிள் செயின் சரியில்லை என்று குறை சொல்வதற்கு.

வருகைப் பதிவேட்டையும் கொஞ்சம் வேறு கண்ணால் பாருங்கள். மாதம் இரண்டு நாள் விடுப்பு என்றால் யாரும் கவலைப்படுவதில்லை, ஆனால் வருட முடிவில் அது பத்தில் ஒரு பங்கு நாட்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, பல கல்வித் துறைகள் அந்த அளவைத்தான் ஆபத்துக் கோடு என்று வைத்திருக்கின்றன. படிப்பை நிறுத்துகிற பிள்ளை ஒரே நாளில் நிறுத்துவதில்லை, திங்கட்கிழமைகளில் தொடங்குகிறது. திரும்பி வந்த அன்று, "ஏன் வரவில்லை?" என்று அதட்டுவதற்குப் பதிலாக, "நேற்று நீ இல்லை, உன் குழுவுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும், அவனுக்குக் குழுவில் நிஜமாகவே ஒரு வேலை இருந்திருக்க வேண்டும். கரும்பலகையை அழிப்பது போன்ற ஒப்புக்குச் சப்பாணி வேலைகளைப் பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிர்வாகம் காது கொடுத்துக் கேட்குமென்றால் ஒன்று கேளுங்கள்: அடுத்த வருடமும் அதே வகுப்போடு உங்களை மேலே அனுப்பச் சொல்லுங்கள். ஜூன் மாதமோ செப்டம்பரோ, புது வகுப்புத் தொடங்கும்போது முகம் பழகவே நமக்கு இரண்டு மாதம் போய்விடுகிறது, அது மிச்சமாகும்.

நான் படிப்பது சின்னப் பள்ளிதான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆறாம் வகுப்பில் நான் ஒரு தப்பு செய்தேன், ஒருத்தியின் பணத்தை எடுத்தேன், திருப்பியும் கொடுத்துவிட்டேன். இப்போது பத்தாம் வகுப்பு. இன்னும் எது காணாமல் போனாலும் என் பையைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் சின்னப் பள்ளிப் புகழ்ச்சியைப் படித்துவிட்டு அழுதேன்.
— ஒரு மாணவி

உன் கடிதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மற்றவர்கள் மேலே படித்ததை எல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடு திரும்பப் படிக்கட்டும் என்பதுதான்.

நீ சொல்வது சரி. பெரிய பள்ளியில் பிள்ளையை மறந்துவிடுவார்கள், சின்னப் பள்ளியில் எதையுமே மறக்க மாட்டார்கள். கேலி செய்கிற கூட்டமும் அங்கே ஒன்றுதான், தப்பித்து வேறு கூட்டத்தில் சேர இடமில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் செய்த தப்புக்கு இன்றும் உன் பையைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு உன் பெயரும் வீடும் தெரியும், ஆனால் உன்னைத் தெரியாது. இது அவர்கள் தவறு, உன்னுடையது இல்லை.

நீ செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, அடுத்த முறை பையைக் கேட்டால் தனியாக இருக்கும்போது காட்டாதே. இன்னோர் ஆசிரியர் முன்னால்தான் காட்டுவேன், மற்றவர்கள் பையையும் பாருங்கள் என்று மரியாதையாகச் சொல். சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. வீட்டில் யாரிடமாவது இதை முழுக்கச் சொல்லி, அவர்களைத் தலைமை ஆசிரியரிடம் பேச வை. இரண்டு, இந்த வருடம் புதிதாகக் கணக்கு டீச்சர் ஒருவர் வந்திருக்கிறார், நன்றாகப் பேசுகிறார் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அவருக்கு உன் ஆறாம் வகுப்புக் கதை தெரியாது. வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நீயே அவரிடம் போய்ச் சொல்லிவிடு.